ஆளில்லாத வாக்கியங்கள்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'வருத்தம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் என்னவோ எப்போதும் சிரித்த முகம்தான். ஆனால் நகரப் பேருந்து நிறுவனத்தில் அறிவிப்புகள் எழுதுவது அவருடைய வேலை, அவர் எழுதுவதெல்லாம் 'வருந்துகிறோம்' என்றே முடியும். பேருந்து வரவில்லை என்றால் 'சேவையில் சிறு மாற்றம்'. ஓடுகிற வண்டியின் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போனால் 'இயக்கத்தில் தற்காலிக இடைவெளி'. ஒரு முறை ஒரு பேருந்து திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய் முடிதிருத்தும் கடைக்குள் புகுந்துவிட்டது. பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவர் கன்னத்து நுரையோடு தெருவுக்கு ஓடிவந்தார். அதற்கு வருத்தம் சார் எழுதியது இரண்டே வாக்கியம்: 'வழித்தடத்தில் நேர்ந்த சிறு விலகல் சரிசெய்யப்பட்டுவிட்டது. பயணிகளின் பொறுமைக்கு நன்றி.' மேலாளர் படித்துவிட்டு, எழுந்து நின்று கைகொடுத்தார்.

இதில் பெரிய தொழில் ரகசியம் ஒன்றும் கிடையாது. வாக்கியத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யார் செய்தது, யார் விட்டது, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்ற பேச்சே வரக் கூடாது. 'நேர்ந்தது', 'ஏற்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று போட்டுக்கொண்டே போனால் உலகத்தில் எல்லாமே தானாக நடப்பது போலத் தோன்றும். படிக்கிறவனுக்கும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் ஆறிப்போகும்.

அன்று மதியம் அவர் கதவு திறக்காத வண்டி ஒன்றைப் பற்றிப் பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு செய்தி.

'அன்பார்ந்த பெற்றோரே, மகிழ்ச்சி வார விழாவின்போது தங்கள் குழந்தையிடம் சிறிய உடல் அசௌகரியம் உணரப்பட்டது. முன்னெச்சரிக்கையாக மருத்துவக் கவனிப்புக்கு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பதற்றம் தவிர்க்கப்படலாம்.'

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவருக்கு வந்தது பொறாமை. 'அசௌகரியம் உணரப்பட்டது'! யார் உணர்ந்தது? குழந்தையா, ஆசிரியரா, கட்டடமா? பிடி கொடுக்காத வாக்கியம். நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் முறை படித்தார். அப்போதுதான் உறைத்தது. பேருந்து கடைக்குள் புகுந்ததற்கே அவர் இரண்டு வாக்கியம்தான் செலவழித்தார். இதில் மூன்று இருந்தது.

அவர் மனைவிக்கு ஃபோன் போட்டார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கிற இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, பாதி நகரத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அதற்கு நேரமும் இருக்காது.

"சுண்டுவுக்குக் கொஞ்சம் அசௌகரியமாம்," என்றார்.

"எங்க அசௌகரியம்? வயித்துலயா, கால்லயா, எங்க?"

"அது போடலை. உணரப்பட்டதுன்னு இருக்கு."

"என்னங்க உளர்றீங்க? முழிச்சிருக்காளா? எந்த ஆஸ்பத்திரி?"

அதுவும் போடவில்லை. அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு ஃபோனை வைத்தாள். இவர் இருக்கையிலிருந்து எழுவதற்குள் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "கிளாஸ் டீச்சரைப் பிடிச்சுக் கேட்டுட்டேன். தலையில அடி. மயக்கமாயிட்டா. ஸ்கூலுக்குப் பின்னாடி தெருவுல இருக்கிற ஆஸ்பத்திரி. கிளம்புங்க."

அவருக்குக் கை கால் ஓடவில்லை. சட்டைப் பையில் பேனாவை மூடாமல் செருகிக்கொண்டு கிளம்பியதில், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சில் பெரிய நீலக்கறை படர்ந்திருந்தது. வாசலில் நின்ற காவலாளி அதைப் பார்த்துவிட்டு, "நோயாளி நீங்களா?" என்று கேட்டார்.

அவசரப் பிரிவில் பச்சைத் திரைக்குப் பின்னால் சுண்டு படுத்திருந்தாள். எட்டு வயதுக்கு அவள் பெரிய உருவமில்லை. அந்தக் கட்டிலில் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். கழுத்தைச் சுற்றி கெட்டியான பட்டை. காதுக்கு மேலே முடியை மழித்துத் தையல் போட்டிருந்தார்கள். காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. அருகில் வகுப்பு ஆசிரியை, ரத்தக்கறை படிந்த துப்பட்டாவை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்று ஆரம்பித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

பள்ளிக்கு 'புன்னகைப் பள்ளி' என்று ஏதோ ஒரு அமைப்பு விருது கொடுக்க வந்திருக்கிறது. அதற்காக மேடையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சூரியன், மரப்பலகையில் வெட்டி, காது வரைக்கும் சிரிக்கிற மாதிரி வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்னாலும் பக்கத்திலும் இரும்புக் கம்பி முட்டுக் கொடுத்திருந்தது. புகைப்படக்காரர் வந்து, சிரிப்புக்கு நடுவில் கம்பி தெரிகிறது என்றார். பிரின்சிபால் கம்பியைக் கழற்றச் சொல்லி, பதிலுக்கு மஞ்சள் ரிப்பனால் கட்டச் சொன்னார். சுண்டு பூச்செண்டோடு சூரியனுக்குக் கீழே நின்றாள். விருந்தினருக்கு வியர்க்கிறதே என்று யாரோ பெரிய மின்விசிறியைப் போட்டார்கள்.

"சிரிப்பு அப்படியே அவ மேல சாஞ்சிடுச்சு சார்," என்றாள் ஆசிரியை.

பணியிலிருந்த டாக்டர் வந்தாள். வயதில் சின்னவள், தூக்கமில்லாத கண்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி விரலால் ஒரு கோட்டைத் தொட்டாள். "மண்டை ஓட்டுல மெல்லிசா ஒரு விரிசல். உள்ள ரத்தக்கசிவு இல்லை, அது நல்ல விஷயம். மூளை நல்லா குலுங்கியிருக்கு. இங்கேயே வச்சுப் பார்க்கணும். நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் நிக்காது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேப்பா. நீங்க சலிச்சுக்காம சொல்லிட்டே இருங்க. வாந்தி கூடினாலோ, எழுப்பியும் எழுந்திருக்கலைன்னாலோ உடனே கூப்பிடுங்க."

அவள் அந்தப் பக்கம் போனதும் சுண்டு கண்ணைத் திறந்தாள்.

"அப்பா. எனக்கு என்னாச்சு?"

இத்தனை வருட அனுபவம் தானாக வாய்க்கு வந்தது. "தலையில லேசா ஒரு அடி பட்டிருக்குடா. சரியாயிடும்."

"ம்." கண்ணை மூடினாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அப்பா. எனக்கு என்னாச்சு?"

அப்போது அவருக்கு ஒரு விபரீதமான வசதி புரிந்தது. முதல் பதில் அழிந்துவிட்டது. இன்னும் நல்லதாக ஒன்று எழுதலாம். 'அடி' என்ற சொல் கொஞ்சம் கடுமை. "தலையில சின்னதா தட்டிடுச்சு," என்றார். அடுத்த முறை அது 'உரசிடுச்சு' ஆனது. அதற்கடுத்த முறை, "விழாவுல கொஞ்சம் களைப்பாயிட்ட". ஒவ்வொரு முறையும் சூரியன் இளைத்துக்கொண்டே போனது. தையலைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. சொல் சின்னதாகச் சின்னதாக, ஸ்கேனில் பார்த்த அந்தக் கோடும் சின்னதாகிவிடும் என்று அடிமனதில் ஒரு நம்பிக்கை. மேலாளர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

இதற்கிடையில் மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். எந்த விஷயமானாலும் ஒரு வீடியோ பார்த்திருப்பார். "மாப்பிள்ளை, தலையில அடின்னா தூங்கவே விடக்கூடாது. நான் பார்த்துக்கறேன்," என்று குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கி, முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "சுண்டு, மாமா கையில எத்தனை விரல் இருக்கு சொல்லு?"

சுண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நகத்துல அழுக்கு இருக்கு மாமா."

"மூளை தெளிவா இருக்கு," என்று மச்சான் அறிவித்தார். அதே வேகத்தில் ஒரு நர்ஸ் வந்து, "குலுக்கினது யாரு?" என்று கேட்டு, அவரை முதுகில் கைவைத்துத் திரைக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள்.

"அப்பா. எனக்கு என்னாச்சு?"

வருத்தம் சார் தன் தொழிலின் உச்சத்தைத் தொட்டார். புன்னகையோடு சொன்னார்: "ஒண்ணுமே ஆகலையே தங்கம்."

சுண்டு அவரையே பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கிக் கழுத்துப் பட்டையைத் தொட்டாள். காதுக்கு மேலே விரல் போனது. முடி இருக்க வேண்டிய இடத்தில் முடி இல்லை, நூல் தட்டுப்பட்டது. அவளுடைய உதடு பிதுங்கியது.

"அப்ப ஏன் வலிக்குது? ஒண்ணும் ஆகலைன்னா ஏன் வலிக்குது?" என்றாள். பிறகு பயந்துபோய் வீறிட்டாள். "அம்மா! அப்பா பொய் சொல்றாரு, அம்மா!"

அம்மா திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். கையில் கார் சாவி இல்லை. அது இன்னும் அவளிடம் பயில்கிறவரிடம் இருந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். அவசரத்தில் இடம் மாறி உட்காரத் தோன்றாமல், அவரையே ஆஸ்பத்திரி வரை ஓட்டவைத்து அழைத்து வந்திருந்தாள். வழியெல்லாம் இரண்டாவது கியர்தான். வாத்தியார் கீழே வண்டியை ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் குறுக்காக நிறுத்திவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. அழாம கேளு. ஸ்கூல்ல மேடையில ஒரு பெரிய பலகை வச்சிருந்தாங்க. சரியா கட்டலை. அது உன் தலையில விழுந்துடுச்சு. மண்டை எலும்புல சின்னதா விரிசல் விட்டிருக்கு. தையல் போட்டிருக்காங்க. வலிக்கத்தான் செய்யும். டாக்டர் நல்லா பார்த்துட்டாங்க, சரியாயிடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நானும் அப்பாவும் இங்கேயேதான் இருப்போம். புரியுதா?"

சுண்டு விம்மலை அடக்கிக்கொண்டு யோசித்தாள். "பலகை உடைஞ்சுடுச்சா?"

"தெரியலை."

"சரி," என்றாள். முகம் தெளிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வருத்தம் சாருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் குழந்தையை இருட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். 'விரிசல்' என்ற சொல்லைக் கேட்டு அவள் பயப்படவில்லை. வலிக்கு ஒரு காரணம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள்.

"அடுத்த தடவை நீங்க சொல்லுங்க," என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "நான் சொன்ன மாதிரியே."

அடுத்த தடவை வந்தது. அவர் வாயைத் திறந்தார். "அதாவது, மேடைப் பகுதியில—"

"பகுதியெல்லாம் வேண்டாம்."

"மேடையில ஒரு பலகை. அது உன்... உன் தலையில..." அதற்கு மேல் வரவில்லை. ஊர் முழுக்க நடந்த விபத்துகளைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னவருக்கு 'உன் தலையில விழுந்துச்சு' என்கிற அந்தச் சின்ன வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. எழுந்து நடைக்கூடத்துக்குப் போய், தண்ணீர்க் குழாயின் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். நடந்து போனவர்கள் வழிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்து, கேட்கும் முன்பே, கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்தார். சுண்டு "சரிப்பா" என்றாள். அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாளோ, அத்தனை தடவையும் அவரே சொன்னார்.

சாயங்காலம் பிரின்சிபால் வந்தார். கூடவே ஒரு பழக்கூடையும், அதைத் தூக்கிவந்த துணை முதல்வரும். பழக்கூடையில் பள்ளியின் பெயர் எழுதிய அட்டை செருகியிருந்தது. பிரின்சிபால் குழந்தையை எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கா, கலர் கூட இருக்கே," என்றார். பிறகு வருத்தம் சாரின் தோளில் கைபோட்டு நடைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், ஒரு சின்ன உதவி. பெத்தவங்க குழுவுல மத்தியானத்துலேருந்து ஒரே கேள்வியா இருக்கு. ஒரு விளக்கம் தயார் பண்ணியிருக்கேன். நீங்க இந்தத் துறையில மன்னன்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் மெருகு போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

சொந்த மகளின் மண்டை உடைந்ததற்குத் தகப்பனையே மெருகு போடச் சொல்கிறாரே என்று யாருக்கும் கோபம் வரும். ஆனால் வருத்தம் சார், பாவம், பழக்க தோஷத்தில் கைபேசியை வாங்கிப் படித்துவிட்டார். 'அலங்கார அமைப்பு ஒன்றில் நிகழ்ந்த எதிர்பாராத அசைவின் காரணமாக...' நல்ல ஆரம்பம்தான். 'அசைவு' பிரமாதம்.

"இதுல ஆளைக் காணோமே சார்," என்றார்.

"அதுதானே சார் அழகு," என்று பிரின்சிபால் முகம் மலர்ந்தார்.

வருத்தம் சார் அதை அழித்தார். நின்றபடியே, கட்டைவிரல்களால், நிதானமாகத் தட்டினார். 'புகைப்படத்தில் கம்பி தெரிகிறது என்பதற்காக, மேடைப் பலகையின் இரும்பு முட்டுகளை நான் கழற்றச் சொன்னேன். ரிப்பனால் கட்டச் சொன்னேன். பலகை ஒரு குழந்தையின் தலையில் விழுந்தது. மண்டை ஓட்டில் விரிசல். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தப்பு என்னுடையது. — பிரின்சிபால்.' ஒரு தடவை படித்துப் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லை. பெற்றோர் குழுவுக்கே அனுப்பிவிட்டார்.

கைபேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்த பிரின்சிபாலின் முகத்தில் ஈ ஆடவில்லை. "சார்! அனுப்பிட்டீங்களா? இது எப்படி சார் ஆச்சு?"

"ஆகலை சார். நான்தான் அனுப்பினேன்," என்றார் வருத்தம் சார். அப்படியொரு வாக்கியத்தை அவர் வாயால் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.  சொல்லும்போது நன்றாக இருந்தது.

பிரின்சிபால் செய்தியை அழிக்கப் பார்த்து, அவசரத்தில் அதையே இன்னொரு தடவை அனுப்பினார். துணை முதல்வர் பழக்கூடையைத் தூக்குவதா வைப்பதா என்று தெரியாமல், தூக்கிக்கொண்டே போய்விட்டார்.

இதனால் உலகம் புரண்டுவிடவில்லை. பெற்றோர் குழு கொஞ்ச நேரம் கொதித்தது. சிலர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்கள். ஒருவர், இந்தக் களேபரத்தில் தேர்வு தள்ளிப்போகுமா என்று கேட்டார். இன்னொருவர் தன் மகனை அந்த மேடையில் எடுத்த படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். விருது கொடுத்த அமைப்பு விருதைத் திரும்ப வாங்கவில்லை. ஏற்கனவே பெயர் பொறித்தாகிவிட்டதாம். பிரின்சிபாலை நிர்வாகம் அங்கிருந்து எடுத்துவிட்டு, அவர்களுடைய எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு ஆலோசகராகப் போட்டது. அந்த நாற்காலி முன்னதைவிடப் பெரியது என்று கேள்வி.

வருத்தம் சாரும் திருந்திய புண்ணியவானாக ஆகிவிடவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, 'காலை வண்டி வராது. ஓட்டுநர்கள் போதவில்லை. ஆள் எடுக்கும்படி கேட்டிருக்கிறோம், மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தி, "குழந்தைக்கு மட்டும்தானே அடி?" என்று கவலையோடு விசாரித்து, இன்னும் கொஞ்சம் விடுப்பு கொடுத்தார். அதுவும் முடிந்து வந்த பிறகு வருத்தம் சார் பழையபடி 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்றே எழுதினார். வேலை வேண்டுமே. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளி, குழந்தைகள் பயணம் செய்கிற வண்டி என்று எது வந்தாலும் அவர் எழுத மறுத்துவிடுவார். அதை வேறொருவர் எழுதினார். அவருக்கு நன்றாகவே வந்தது.

சுண்டு வீட்டுக்கு வந்தாள். கேட்டதையே கேட்பது ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டது. அந்த நாள் மட்டும் அவள் ஞாபகத்துக்குத் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச காலம் வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை, நாலு வரி படித்தால் தலை வலித்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். இதுவும் அடியோடு சேர்ந்ததுதான், போகப் போகச் சரியாகும் என்றாள் அந்த டாக்டர். பொறுமையாக இருப்பது பெற்றவர்கள் பாடு. மச்சான் மூளைக்கு நல்லது என்று தினம் ஒன்றை வாங்கிவந்து, அதை அவரே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்.

தையல் பிரித்து, இனி தலைக்குத் தண்ணீர் விடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மனைவி, எத்தனையோ கார்களை நடுரோட்டில் நிறுத்தியவள், ஷாம்பூவைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்க பண்ணுங்க," என்றாள்.

வருத்தம் சார் குளியலறையில் முக்காலி போட்டு மகளை உட்காரவைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து ஊற்றினார். மழித்த இடத்தில் முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. அதற்கு நடுவில் தழும்பு. ஆஸ்பத்திரியில் பார்க்கத் தைரியம் வராத அந்த இடத்தை முதல் முறையாக விரல் நுனியால் தொட்டார். மேடாக, வழவழப்பாக இருந்தது.

"அது எப்படி இருக்குப்பா?" என்றாள் சுண்டு.

"நீளமா இருக்கு. கொஞ்சம் கோணலா. செக்கச் சிவந்து இருக்கு."

"அசிங்கமாவா?"

அவர் ஈர முடியை விலக்கி மறுபடியும் பார்த்தார். "இப்போதைக்கு அசிங்கமாத்தான் இருக்கு. முடி வளர்ந்தா மூடிடும்."

"சரி," என்றவள், உடனே துள்ளினாள். "ஐயோ, கண்ணு எரியுது! பார்த்து ஊத்துப்பா, என்னப்பா நீ! எல்லாம் கண்ணுலயே விடறே!"

அவர் அவசரமாகத் துண்டைத் தேடினார். கைக்கு எட்டவில்லை. தன் சட்டை நுனியாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் சொம்பை நிரப்பினார்.